அழித்தது அழிந்ததா?

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை நம்மூர் மாணவர்கள் நன்கு அறிவார்கள். துணிமணிகள் முதல் பழைய நூல்கள் வரை அங்கே விலைபேசி வாங்கலாம். அத்தகைய பழம்பொருள் கடையொன்றில், யாரோ கழற்றிப் போட்ட கணிப்பொறியின் வன்தட்டு ஒன்றை நீங்கள் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹார்டு டிஸ்க் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான் வன்தட்டு. வீட்டிற்கு வந்து அதை உங்கள் கணிப்பொறியில் பொருத்துகிறீர்கள். திரையில் "இதில் ஒன்றும் இல்லை" என்று காட்டுகிறது. உண்மையிலேயே அதில் ஒன்றும் இல்லையா?

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்னும் இருவர் எழுப்பினர். 2000 முதல் 2002 வரை அவர்கள் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்தனர். அவற்றுள் 129 இயங்கும் நிலையில் இருந்தன. அந்த 129இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. ஒரு வன்தட்டு, வங்கியின் பணம் வழங்கும் பொறியிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. 2003ஆம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியானதும் பலர் திடுக்கிட்டனர்.

நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஆண்டுதோறும் பழைய கணிப்பொறிகள் கழிக்கப்படுகின்றன. அவற்றில் மாணவர்களின் மதிப்பெண்கள், முகவரிகள், ஆதார் அட்டைப் படிகள், மருத்துவச் சான்றுகள் எல்லாம் இருக்கும். ஆகவே, "அழித்தது அழிந்ததா?" என்பது நம் எல்லோருக்கும் உரிய கேள்வியாகும்.

நீக்குதல் வேறு, அழித்தல் வேறு

நம் ஊரில் 1827இல் தொடங்கப்பெற்ற ரொமேன் ரோலண்ட் நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை உண்டு. நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை அந்த அட்டை சொல்லும். அட்டையை மட்டும் கிழித்தெறிந்துவிட்டால், நூல் மறைந்துவிடுமா? மறையாது. அடுக்கில் அப்படியேதான் இருக்கும். ஆனால் அட்டையை நம்பித் தேடுபவருக்கு அது கிடைக்காது. பொறுமையாக அடுக்கு அடுக்காகத் தேடுபவருக்குக் கிடைத்துவிடும்.

கணிப்பொறியில் ஒரு கோப்பை நீக்கும்போது நிகழ்வதும் இதுவே. கோப்பின் பெயரும், அது வட்டில் எங்கே உள்ளது என்ற குறிப்பும் அடங்கிய அட்டவணையில், "இந்த இடம் இனி காலி" என்று ஒரு குறி இடப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கம் தொடப்படுவதில்லை. பின்னொரு நாள் வேறு கோப்பு அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். விரைவாகச் செய்யப்படும் "ஃபார்மட்" என்பதும் புதிய அட்டவணை ஒன்றை எழுதுவதோடு நின்றுவிடுகிறது. ஒரு பெரிய வன்தட்டைச் சில நொடிகளில் "காலி" செய்ய முடிவது இதனால்தான்.

உண்மையில் அழிக்க வேண்டுமானால், அடுக்கில் உள்ள ஒவ்வொரு நூலின் ஒவ்வொரு பக்கத்தின் மீதும் வேறு எதையாவது எழுதியாக வேண்டும். இதை மேலெழுதுதல் என்கிறோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வன்தட்டின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டுகள் உள்ளன. அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். படலத்தின் நுண்ணிய பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது காந்தத் திசை மாறுகிறதா, மாறவில்லையா என்பதைக் கொண்டே 0, 1 என்னும் பிட்டுகள் குறிக்கப்படுகின்றன.

மேசைக் கணிப்பொறியின் வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழலும். வட்டின் விட்டம் சுமார் 9.5 சென்டிமீட்டர். விளிம்பின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். நொடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர் வரும். மணிக்குச் சுமார் 129 கிலோமீட்டர்! இந்த வேகத்தில் ஓடும் வட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படுகையில் மிதந்தபடி எழுது முனையும் படிக்கும் முனையும் செல்கின்றன. நம் தலைமுடியின் தடிப்பு பல்லாயிரம் நானோமீட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் இருந்தன. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 2,000 பிட்டுகள் எழுதப்பட்டன. இன்றைய வன்தட்டுகளில் அதே பரப்பில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி பிட்டுகள் எழுதப்படுகின்றன. இது 50 கோடி மடங்கு. இவ்வளவு நுண்ணிய காந்தங்களைப் படிக்க உதவிய பெருங் காந்தத்தடை விளைவை 1988இல் கண்டறிந்தவர்கள் பிரெஞ்சு நாட்டின் ஆல்பர் ஃபெர்ட், ஜெர்மனியின் பீட்டர் குருன்பெர்க் ஆகிய இயற்பியலறிஞர்கள். இதற்காக 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஒரு முறையா, முப்பத்தைந்து முறையா?

மேலெழுதிய பின்னும் பழைய எழுத்தின் சுவடு எஞ்சியிருக்காதா? நியாயமான ஐயந்தான்.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் உள்ளன. இங்குள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, அதன்மேல் கரி தடவுவார்கள். கீறியதை அழித்து அதே இடத்தில் மறுபடியும் எழுத இயலாது. ஐரோப்பாவிலோ, தோலில் மையால் எழுதியதைச் சுரண்டிவிட்டு மீண்டும் எழுதும் வழக்கம் இருந்தது. ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கொண்ட 10ஆம் நூற்றாண்டுத் தோற்சுவடி ஒன்றை 13ஆம் நூற்றாண்டில் சுரண்டி, அதன்மேல் வழிபாட்டு நூலை எழுதிவிட்டார்கள். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய மையில் இருந்த இரும்பணுக்களை எக்ஸ் கதிர்களால் ஒளிரச்செய்து, மறைந்த வரிகளை அறிவியலறிஞர்கள் படித்துவிட்டனர்!

வன்தட்டிலும் இவ்வாறு படிக்கலாமோ என்ற அச்சத்தை 1996இல் நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் எழுப்பினார். அன்றைய பலவகை வன்தட்டுகள் அனைத்தையும் கருத்திற்கொண்டு 35 முறை மேலெழுதும் வரிசையொன்றை அவர் வகுத்தார். அது பழைய வகைகளுக்காக வகுக்கப்பட்டது. புதியவற்றிற்கு அத்தனை முறை தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கினார். ஆனாலும் "35 முறை" என்பது மந்திரம்போல் பரவிவிட்டது.

இந்த மந்திரத்தைச் சோதித்த ஆய்வொன்று நம் நாட்டில், ஐதராபாத்தில் 2008 டிசம்பரில் நடைபெற்ற தகவல் பாதுகாப்பு மாநாட்டில் வெளிவந்தது. மேலெழுதிய வட்டைக் காந்தவிசை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, பழைய பிட்டை ஊகிக்க முயன்றார்கள். வழக்கமான பயன்பாட்டில் இருந்த வன்தட்டில் ஒரு பிட்டைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 0.56 மட்டுமே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 0.5 வாய்ப்பு உண்டன்றோ?

இனிக் கணக்கிடுவோம். 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஒரு பைட்டைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 0.56இன் 8ஆம் அடுக்கு. அதாவது 0.0097, நூற்றில் ஒன்றுகூட இல்லை. "அருண்" என்ற பெயரைத் தமிழில் சேமிக்க, இன்று வழங்கும் குறியீட்டு முறையில் 15 பைட்டுகள், அதாவது 120 பிட்டுகள் வேண்டும். அந்தச் சிறு பெயரை மீட்கும் வாய்ப்பு, 1ஐ அடுத்து 30 சுழிகள் இட்ட எண்ணில் ஒரு பங்கைவிடக் குறைவு! அமெரிக்கத் தரநிலை நிறுவனமும் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில், இன்றைய காந்த வட்டுகளுக்கு ஒரு முறை முழுமையாக மேலெழுதினாலே போதும் என்று கூறியது.

ஒரே வேலையில் இரு பயன்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரியில் கழிக்கப்பட்ட 32 கணிப்பொறிகளைச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அளிக்க முடிவு செய்தோம். அவற்றின் வன்தட்டுகளை அழிக்கவும் வேண்டும். அவை இன்னும் உழைக்குமா என்று சோதிக்கவும் வேண்டும். பழுதான வட்டைப் பள்ளிக்குக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். அழிக்காத வட்டைக் கொடுத்தால் எங்கள் மாணவர்களின் விவரங்கள் வெளியே போய்விடும்.

நல்வாய்ப்பாக இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யலாம். லினக்ஸ் கணிப்பொறிகளில் உள்ள "பேட்பிளாக்ஸ்" என்னும் செய்நிரல், வட்டு முழுவதும் முதலில் 10101010 என்று எழுதும். பின் முழுவதையும் படித்து ஒப்பிடும். அடுத்து 01010101, அதன்பின் 11111111, கடைசியாக 00000000 என்று எழுதிப் படிக்கும். வன்தட்டு தன் உட்குறியீட்டின்படி இவற்றை மாற்றியே வட்டில் பதிக்கும். எனினும் எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று என்றால் அந்த இடம் பழுது என்று தெரிந்துவிடும். முடிவில் எங்கும் சுழியே நிற்பதால் பழைய தகவலும் ஒழிந்துவிடும்.

காலம் எவ்வளவு ஆகும்? ஒவ்வொன்றும் 500 கிகாபைட்டு. வேகம் நொடிக்குச் சராசரி 100 மெகாபைட்டு. ஒரு முறை முழுவதும் எழுத 5,000 நொடிகள். நான்கு எழுத்து, நான்கு படிப்பு, ஆக எட்டுச் சுற்றுகளுக்கு 40,000 நொடிகள், அதாவது 11 மணி நேரத்திற்குச் சற்று மேல். எங்களிடம் நான்கு மாடங்கள் கொண்ட பெட்டி ஒன்று இருந்தது. ஒரே நேரத்தில் நான்கு வன்தட்டுகளைச் செருகலாம். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாற்றினால் நான்கே நாளில் 32ஐயும் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டோம். கணிப்பொறி தானே சோதிக்கும், தானே அழிக்கும். மனிதர் செய்ய வேண்டியது வட்டை மாற்றுவது ஒன்றுதான். அந்த ஒன்றில்தான் தவறு நேர்ந்தது.

மாற்றும்போது கவனம்!

கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்தட்டைக் கழற்றிச் செருகலாமா? அதற்கென அமைந்த பெட்டியில் செய்யலாம். இணைப்பானை உற்றுப் பாருங்கள். அதன் உலோகப் பட்டைகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கமாட்டா. புவி இணைப்புப் பட்டைகள் சற்று நீளமானவை. செருகும்போது அவை முதலில் தொட்டு, இரு பக்க மின்னழுத்தத்தையும் சமப்படுத்துகின்றன. கழற்றும்போது கடைசியாக விலகுகின்றன. இதனால் நுண்ணிய மின்சுற்றுகள் காக்கப்படுகின்றன.

மின்சாரம் திடீரென நின்றால் மிதக்கும் முனைகள் வட்டில் விழுந்துவிடாவா? அதற்கும் வழி உண்டு. சுழலும் வட்டின் இயக்க ஆற்றலால் மோட்டாரே சிறிது நேரம் மின்னாக்கியாக மாறி, முனைகளை ஓரத்திலுள்ள மேடைக்குக் கொண்டுசென்று நிறுத்திவிடும். ஆனால் வட்டு அப்போதும் பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். சுழலும் பம்பரம் தன் அச்சின் திசை மாறுவதை எதிர்க்குமன்றோ? அந்நிலையில் வெடுக்கென்று உருவித் திருப்பினால் தாங்கிகளில் விசை தாக்கும். ஆகவே நிறுத்தக் கட்டளை கொடுத்து, அரை நிமிடம் பொறுத்து, பின்னரே உருவ வேண்டும்.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. தெரியாமல் விட்டது வேறொன்று.

ஒரு பிழையின் கதை

இரண்டாம் நாள் இரவு. மூன்றாம் மாடத்து வன்தட்டில் பழுதுகள் மிகுதியாக வந்தன. மற்ற மூன்றும் வேலையை முடித்திருந்தன. விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர் நான்கையும் முறைப்படி கழற்றிப் புதியவற்றைச் செருகினார்.

"சார், மூணாவது டிஸ்க் மட்டும் திரையில வரலை."

"கணிப்பொறியை ஒரு தடவை நிறுத்தித் தொடங்கிடுப்பா, சரியாயிடும்" என்றேன்.

தொடங்கினார். நான்கு பெயர்கள் வந்தன. அழிக்கும் வேலையும் தொடங்கியது. நாற்பது நொடி சென்றிருக்கும். சோதனை முடிவுகளைக் குறித்துவைக்க நான் இணைத்திருந்த வேறொரு வன்தட்டின் விளக்கு விடாமல் கண்சிமிட்டியது. அவ்வளவு எழுதுவதற்கு அதில் வேலையே இல்லையே! ஓடிச்சென்று கம்பியைப் பிடுங்கினேன்.

நடந்தது இதுதான். லினக்ஸ் கணிப்பொறி வன்தட்டுகளுக்கு "எஸ்டிபி", "எஸ்டிசி" என்று வரிசையாகப் பெயரிடும். அந்தப் பெயர் வன்தட்டுக்குச் சொந்தமானதன்று. கண்டுகொண்ட வரிசையில் இடப்படுவது. வகுப்பில் அமரும் இடத்தைக் கொண்டு மாணவரை அழைப்பது போன்றது. கணிப்பொறி மீண்டும் தொடங்கியபோது மூன்றாம் மாடத்து வன்தட்டு விழிக்கவில்லை. அதன் பெயர் என் வன்தட்டுக்குப் போய்விட்டது. செய்நிரல் தனக்குச் சொன்னபடியே செய்தது.

அந்த வன்தட்டில் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் மாணவர்கள் எடுத்த ஆய்வறிக்கைகள், செய்முறைப் படங்கள், கடற்காற்று வீசும் நேரங்களில் அவர்கள் குறித்த வெப்பநிலை அளவீடுகள் இருந்தன. 40 நொடியில் 4 கிகாபைட்டு போயிற்று. கோப்புகளின் அட்டவணை வன்தட்டின் முற்பகுதியில் இருந்ததால் அதுவும் போயிற்று. திரையில் "காலி" என்றது.

ஆனால் நூலக உவமையை நினைவுகூருங்கள். அட்டைகள் போயினவே தவிர, அடுக்குகளில் நூல்கள் இருந்தன. ஜேபெக் படக் கோப்பு ஒவ்வொன்றும் பதினாறடிமான எண்களில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்றே தொடங்கும். இதுபோன்ற தொடக்க அடையாளங்களைத் தேடிக் கோப்புகளைப் பொறுக்கும் செய்நிரல்கள் உண்டு. இரண்டு நாள் தேடிப் படங்களில் பெரும்பகுதியையும் பல அறிக்கைகளையும் மீட்டோம். பெயர் ஒன்றுக்கும் இல்லை. மாணவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட்டார்கள். அடையாளம் ஏதுமற்ற வெறும் எண் பட்டியல்களில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு அளவீடுகளை மட்டும் பழைய கையெழுத்துக் குறிப்பேடுகளிலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்தோம். மேலெழுதப்பட்ட அந்த 4 கிகாபைட்டிலிருந்து ஒரே ஒரு படங்கூடத் திரும்பவில்லை. ஒரு முறை மேலெழுதினால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

தவறு மாணவருடையதன்று, என்னுடையது. அன்றே சில விதிகளை எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினேன்.

1. வன்தட்டைப் பெயரால் அழைக்காதே. ஆலையிலேயே அதற்கு இட்ட தொடர் எண்ணால் அழை. செய்நிரலும் அந்த எண்ணைச் சரிபார்த்த பின்னரே அழிக்கத் தொடங்க வேண்டும்.

2. அழிக்கக் கூடாத எதையும் அந்தக் கணிப்பொறியில் இணைக்காதே.

3. கழற்றியவுடன் தொடர் எண், நாள், முடிவு ஆகியவற்றை எழுதிய சீட்டை ஒட்டு. முடிந்தவையும் முடியாதவையும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது.

4. ஒருவர் அழித்ததை மற்றொருவர் ஆங்காங்கே படித்துச் சரிபார்க்க வேண்டும்.

5. முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் படி வேண்டும்.

அழியாமல் ஒளிந்திருப்பவை

வன்தட்டு தன் பழுதான சிறு பகுதிகளைத் தானே ஒதுக்கிவிட்டு, மாற்றுப் பகுதிகளைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட பகுதியில் பழைய தகவல் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து மேலெழுதும் செய்நிரலுக்கு அது எட்டாது. இதற்காகவே, வன்தட்டுக்குள்ளிருக்கும் சிறு கணிப்பொறியே அனைத்தையும் அழிக்கும்படி தனிக் கட்டளை உண்டு. அதன் மேம்பட்ட வகை, ஒதுக்கிய பகுதிகளையும் சேர்த்து அழிக்கும். பகுதிகளை ஒதுக்கத் தொடங்கிய வன்தட்டை நம்பவும் கூடாது. கூகுள் நிறுவனம் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, முதல் படிப்புப் பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு! எங்கள் 32இல் அத்தகையவற்றைப் பள்ளிக்கு அனுப்பாமல், உடைத்து மின்கழிவாக ஒப்படைத்தோம்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பிலும் பென் டிரைவிலும் காந்தமே இல்லை. மின்னூட்டங்களே தகவலைத் தாங்குகின்றன. ஒரே இடம் தேய்ந்துவிடாதிருக்க, அவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். நாம் பழைய கோப்பின் மேல் எழுதினோம் என்று நினைப்போம். அதுவோ பழையதை விட்டுவிட்டுப் புதிய இடத்தில் எழுதியிருக்கும். தனிக்கோப்பை மேலெழுதி அழிக்கும் முறைகள் எவையும் இவற்றில் நம்பத்தக்கவை அல்ல என்று 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. நல்ல வழி, தொடக்கத்திலிருந்தே தகவலை மறைக்குறியாக்கிச் சேமிப்பதாகும். பின் திறவுகோல் எண்ணை மட்டும் அழித்துவிட்டால், எஞ்சியிருப்பது யாருக்கும் பயன்படாத குப்பை. இன்றைய கைப்பேசிகள் இம்முறையையே கையாள்கின்றன.

2023இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், திரட்டிய நோக்கம் முடிந்தபின் பிறருடைய விவரங்களை அழித்துவிட வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அட்டையைக் கிழிப்பதற்கும் நூலை அழிப்பதற்கும் உள்ள வேறுபாடு, பொத்தானை அழுத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியில் பழைய கணிப்பொறிகள் கழிக்கப்படும்போது ஆசிரியரிடம் பணிவுடன் கேளுங்கள்: "இவற்றின் வன்தட்டுகளை அழித்துவிட்டோமா? சரிபார்த்தவர் யார்?" அத்துடன் கீழ்க்காணும் கணக்கையும் செய்து பாருங்கள். 4 டெராபைட்டு வன்தட்டு ஒன்றை நொடிக்கு 150 மெகாபைட்டு வேகத்தில் ஒரு முறை மேலெழுத எவ்வளவு நேரம் ஆகும்? 35 முறை எழுதினால் எத்தனை நாள்? விடை கண்டவர்கள், அந்த மந்திரம் ஏன் வேண்டாததாயிற்று என்பதைத் தாமே உணர்வார்கள்.